பிடில் சம்மணம் போட்ட ஊர்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் திருவொற்றியூரைத் தாண்டும்போது பொழுது சாய்ந்திருந்தால் மேற்கே பாருங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலையின் குழாய் உச்சியில் தீ எரிந்துகொண்டிருக்கும். 1969இல் உற்பத்தி தொடங்கிய ஆலை. சுற்றிலும் உரத் தொழிற்சாலை, ரசாயன ஆலைகள், டேங்கர் லாரி வரிசை. பூண்டி ஏரியின் மதகைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், கொசஸ்தலை ஆற்றை நினைத்தே மணலி புதுநகர்க்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். நிர்வாகக் கணக்கில் இன்று சென்னை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை திருவள்ளூர் மாவட்டம்.

இந்த ஊரின் பெயரைக் கேட்டால் யாருக்கும் சங்கீதம் நினைவுக்கு வராது. ஆனால் பாடகருக்குப் பக்கத்தில் பிடில் வந்து உட்கார்ந்த கதையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மணலி முத்துகிருஷ்ண முதலியார் கவர்னர் பிகட்டிடம் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை; பேரம், கடன், சிபாரிசு எல்லாம் அவர் கைவழியாகத்தான் நடக்கும். சம்பாதித்ததில் ஒரு பங்கைச் சங்கீதத்துக்குச் செலவிட்டார். ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கிய ராமசாமி தீட்சிதரைத் திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு அழைத்துவந்து மணலியில் குடிவைத்தார். அவருக்குப் பின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா என்று எல்லோரும் அழைத்தவர், அந்த ஆதரவைத் தொடர்ந்தார். தீட்சிதருக்கு மூன்று பிள்ளைகள்: முத்துசாமி, சின்னசாமி, 1786இல் பிறந்த பாலுசாமி.

துபாஷ் வீட்டுக்கு வேண்டியவர்கள் என்பதால் கோட்டையும் எட்டாத இடமாக இல்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியம் முழங்கும். அண்ணன் முத்துசாமி அந்த மெட்டுகளைப் பிடித்துக்கொண்டு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். ஏறக்குறைய நாற்பது, நோட்டுஸ்வரங்கள் என்று பெயர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டுகூட அதில் உண்டு. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டிய மெட்டில் அம்பாளை உட்கார்த்தி வைத்துவிட்டார் மனிதர்.

தம்பிக்கோ வில் போட்டு வாசிக்கும் அந்தப் பெட்டியின் மேல் கண். சின்னையா முதலியார் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை அமர்த்தினார். பாலுசாமி மூன்று ஆண்டுகள் படித்தார் என்கிறது குடும்ப வரலாறு. எழுதிவைத்தவர் அவருடைய பேரனும் சுவீகாரப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் இருக்கிறது. நம் சங்கீதத்துக்குப் பிடிலை முதலில் கொண்டுவந்தவர் பாலுசாமி என்பதைத் தஞ்சாவூர்க்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரபோஜி அரண்மனை வராகப்பய்யர் என்பார்கள், இல்லாவிட்டால் வடிவேலு என்பார்கள். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834இல் வடிவேலுவுக்குத் தந்தத்தில் பிடில் செய்து கொடுத்தது பிரசித்தம். ஆனால் வடிவேலு யாரிடம் சங்கீதம் படித்தார்? முத்துசாமி தீட்சிதரிடம். சுற்றி வந்தாலும் அதே வீட்டு வாசல்தான்.

யார் முதலில் என்ற வழக்கைவிட எனக்கு ருசியானது வேறு. அந்தப் பெட்டியை நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பது.

வெள்ளைக்காரர் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வாசிக்கும்போது வாத்தியம் தாழாமல் தாங்குவதில் இடக்கைக்கும் பங்கு உண்டு. தோடியிலோ பைரவியிலோ ஒரு பிடி பிடிக்க வேண்டுமானால் அது தோதுப்படாது. விரல் தந்திமேல் வழுக்கி ஓட வேண்டும். அதனால் கீழே உட்கார்ந்து, வலது காலைச் சற்று முன்னே விட்டு, பிடிலின் சுருட்டைத் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை இடது தோள்பக்கம் சாய்த்தார்கள். இனி பிடில் அசையாது, கை அலையலாம். வீணைக்குள்ள மெட்டுகளும் இதில் கிடையாது, விரல் தொடுமிடமெல்லாம் சுரம். இந்த உட்காரும் முறை ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்ததாக இருக்காது. எத்தனை பேர் கணுக்கால் மரத்துப்போய் வந்ததோ.

அடுத்தது தந்தி. மேற்கத்தியச் சுருதியில் ஒவ்வொரு தந்தியும் முந்தியதற்குப் பஞ்சமம், ஏறிக்கொண்டே போகும். பிருடையைத் திருகி அதை ஸ-ப-ஸ-ப என்று ஆக்கினார்கள். நாலு தந்தியில் ரெண்டே சுரம்.

இதே பிடில் வேறு கப்பல்களில் அமெரிக்காவுக்கும் போயிற்று. ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் அப்பலாச்சிய மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கென்டக்கி மாநிலத்தின் ரோசைன் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்றோ, தாய்மாமன் பிடிலுக்குப் பக்கவாத்தியமாகக் கிட்டார் வாசித்துப் பழகியவர். பின்னால் மாண்டலின் ஏந்தி அவர் நடத்திய ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவின் பெயரே புளூகிராஸ் என்ற இசைக்கு நிலைத்தது. ஓஹியோ ஆற்றங்கரையில் ஓவன்ஸ்பரோ என்ற ஊரில் அதற்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. பாஞ்சோ, மாண்டலின், கிட்டார், பிடில், பெரிய பாஸ். பாட்டின் நடுவே ஒவ்வொருவராக முன்னே வந்து கைவரிசையைக் காட்டிவிட்டு விலகுவார்கள்.

அந்த மலைநாட்டுப் பழைய பிடில்காரர்களில் பலர் தாடைக்கடியில் வைப்பதில்லை, மார்பில் சாய்த்துத்தான் வாசித்தார்கள். சில பாட்டுகளுக்குத் தந்தியை மாற்றிச் சேர்ப்பதும் உண்டு: ஏ-ஈ-ஏ-ஈ. ஏ-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள், ஸ-ப-ஸ-ப! நம் சேர்க்கையேதான். மணலிக்கும் கென்டக்கிக்கும் கடுதாசிப் போக்குவரத்து ஒன்றும் கிடையாது. விரல் படாத தந்தியும் சுருதியோடு சேர்ந்தே ஒலிக்கட்டும் என்று நினைத்தவர்களுக்கு, இரண்டு இடத்திலும் பிருடை அங்கேதான் போய் நின்றிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி ரயில் பாதை ஊர்களின் கோயில் உற்சவக் கச்சேரிகளில், மங்களத்துக்கு முன் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் “நோட்டு, நோட்டு” என்று குரல் கொடுத்தாலும் கொடுப்பார். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்து, மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பிய இங்கிலீஷ் நோட்டு. அதுவரை குழைந்துகொண்டிருந்த வில் சட்டென்று துள்ளும். அம்மா மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்த பையன் எழுந்து, தாளம் தப்பாமல் தரையில் காலைத் தட்டுவான்.