இந்திய நிதி அமைச்சகமும் அதன் அமைப்புகளும்

புணே நகரின் மேற்கே, ஹிஞ்சவடி மென்பொருள் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள வாகட்டில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவரின் வரவு செலவைப் பார்த்தாலே இந்திய நிதி அமைச்சகத்தின் வேலைகளில் பெரும்பகுதி தெரிந்துவிடும். சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் பொறுப்பு. கட்டி முடியாத அடுக்குமாடி வீட்டுக்கான ஜி.எஸ்.டி. விகிதத்தை, மத்திய நிதி அமைச்சர் தலைமையில் மாநில அமைச்சர்கள் கூடும் மன்றம் பரிந்துரைக்கிறது. வீட்டுக் கடனின் வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு ஏறி இறங்குகிறது. மியூச்சுவல் ஃபண்டை செபியும், ஆயுள் காப்பீட்டை இன்னோர் ஆணையமும், என்.பி.எஸ். ஓய்வூதியத்தை மற்றோர் ஆணையமும் கண்காணிக்கின்றன. வாகட் சௌக் வழியாகச் செல்லும் 23.3 கிலோமீட்டர் ஹிஞ்சவடி–சிவாஜிநகர் மெட்ரோ தடத்துக்கும், தனியார் பங்கேற்புத் திட்டங்களின் நிதிப் பற்றாக்குறையை நிரப்பும் மத்திய உதவி ஒதுக்கப்பட்டது. அந்த உதவித் திட்டத்தை நடத்துவது இதே அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைதான். ஒரே கஜானாவுக்கு எதற்கு இத்தனை அமைப்புகள் என்ற கேள்விக்கு அமைச்சகத்தின் வரலாறே பதில் சொல்கிறது. வரி வாங்குபவர், செலவழிப்பவர், நோட்டு அச்சிடுபவர், கணக்குப் பார்ப்பவர் ஆகிய நால்வரும் ஒருவராகவே இருந்த காலங்களில் மக்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். அந்த வேலைகளை ஒன்றொன்றாகப் பிரித்ததுதான் இந்த அமைச்சகத்தின் உண்மையான வளர்ச்சி.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கடனில் மூழ்கிய ஆட்சியைத் தூக்கி நிறுத்த லண்டனிலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன். 1860-இல் அவர் இந்தியாவின் முதல் பட்ஜெட்டை முன்வைத்தார். வருமான வரியும் அதோடு வந்தது. ஆனால் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த நிதி உறுப்பினர் வரி கட்டியவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். 1897-இல், இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்த ஜி. சுப்பிரமணிய ஐயரும் புணேயின் கோபால கிருஷ்ண கோகலேயும் இந்தியாவின் செலவுப் பளுவைச் சுட்டிக்காட்டினார்கள். 1902 மார்ச் 26 அன்று மத்திய சட்ட மேலவையில் கோகலே பேசிய பட்ஜெட் உரை இன்னும் ஆழமாகப் போனது. அரசு பெருமையோடு காட்டிய உபரி, பஞ்சத்தில் அடிபட்ட மக்களிடமிருந்து தேவைக்கு மேல் வாங்கிய வரி என்று புள்ளிவிவரங்களோடு அவர் நிறுவினார். மறு ஆண்டே உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாகக் குறைந்தது; 1907-இல் ஒரு ரூபாய்க்கு வந்தது. பட்ஜெட்டின் மீது வாக்களிக்கும் உரிமைகூட இல்லாத அவையில் நடந்தது இது. வெளியிலிருந்து ஒருவர் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்டதே இத்தனை பலன் தந்தது.

பின்னர் அமைப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. வருவாய்க்கென 1924-இல் அமைந்த மத்திய வாரியம் 1964-இல் நேரடி வரிக்கும் சுங்கம், கலால் வரிகளுக்கும் தனித்தனி வாரியங்களானது. நாணயக் கொள்கை 1935 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கிக்குப் போனது. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இன்றும் பழைய நிலையிலேயே இருக்கிறது: அதில் 'இந்திய அரசு' என்று அச்சிட்டிருக்கும், நிதித்துறைச் செயலரின் கையொப்பம் இருக்கும், மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திடுகிறார். விடுதலை பெற்ற நாட்டின் முதல் பட்ஜெட்டைக் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தார். 1950-இல் அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசாவும் எடுக்க முடியாதபடி செய்தது. கணக்குகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை அமைச்சகத்துக்குக் கட்டுப்படாத தலைமைத் தணிக்கையாளரிடம் கொடுத்தது.

சட்டத்தில் பிரித்து வைத்தால் போதாது என்பதை முந்த்ரா விவகாரம் காட்டியது. 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. பாலிசிதாரர்களின் சேமிப்பை அமைச்சகம் நேரடியாகக் கையாளக் கூடாது என்பதற்காகவே அது தனிச் சட்டத்தின் கீழ் அமைந்த கழகமானது. கொள்கை விஷயத்தில் அரசு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. அடுத்த ஆண்டு ஜூன் மாதமே தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. பங்குகள் வாங்கியது. அதன் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவே இல்லை. யோசனை அமைச்சகத்தின் உயர்மட்டத்திலிருந்து வந்திருந்தது. ஆளும் கட்சியின் ஃபெரோஸ் காந்தியே இதை மக்களவையில் கிளப்பினார். நீதிபதி எம். சி. சாக்ளா பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். நிதித்துறைச் செயலரின் செயலுக்கு அமைச்சர் பொறுப்பேற்றே ஆக வேண்டும், தன்னாட்சிக் கழகங்களில் அரசு தலையிடக் கூடாது, தலையிட்டால் எழுத்தில் உத்தரவிட வேண்டும் என்று அவர் அறிக்கை தந்தார். 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். திறமையான அமைச்சரை நாடு இழந்தது உண்மைதான். ஆயினும் அந்த விலகல், காப்பீட்டுப் பணம் அமைச்சரின் பணம் அல்ல என்பதை எந்தச் சட்டப் பிரிவும் சொல்ல முடியாத அழுத்தத்தோடு சொன்னது.

நோட்டு அச்சிடும் கதை இன்னும் நீண்டது. அரசின் கையிருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே இறங்கினால் ரிசர்வ் வங்கி தானாகவே குறுகியகாலப் பத்திரங்களைப் பெற்றுக்கொண்டு பணம் தர வேண்டும் என்று 1955-இல் ஏற்பாடு செய்தார்கள். தற்காலிகம் என்று சொன்ன வசதி நாற்பது ஆண்டுகள் நீடித்தது. பற்றாக்குறையின் ஒரு பகுதி புதுப் பணமாகி, விலைவாசியாக மக்கள் தலையில் விழுந்தது. 1994-இல் மன்மோகன் சிங்கின் அமைச்சகமும் சி. ரங்கராஜனின் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் செய்து, ப. சிதம்பரம் அமைச்சராக இருந்த 1997-இல் அந்த வழியை அடைத்தன. 2016-இல் பணவீக்க இலக்கு நான்கு சதவீதம் என்பது சட்டத்தின் கீழ் வந்தது.

மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரின் கையைத் தேர்தலில் நிற்காத அதிகாரிகளும் நிபுணர்களும் கட்டிப்போடலாமா என்ற கேள்வி நியாயமானது. 1969-இல் புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட பேங்க் ஆஃப் மகாராஷ்டிரா உட்பட 14 வங்கிகளைத் தேசியமயமாக்கியதால்தான் வங்கிக் கிளை கிராமத்துக்குப் போனது. அதைச் செய்தது அரசியல் முடிவு. ஆனால் இலக்கை நிர்ணயிப்பதும் அன்றாடம் கணக்கில் கை வைப்பதும் வேறுவேறு. பணவீக்க இலக்கை இன்றும் அரசுதான் நிர்ணயிக்கிறது. அதை எட்டும் வழியை மட்டுமே ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு தேடுகிறது. இந்தப் பிரிவினை காகிதத்தோடு சரி, நெருக்கடி வந்தால் அமைச்சகமே ஜெயிக்கும் என்றும் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் காப்புநிதி பற்றிய தகராறு முற்றியிருந்த நேரத்தில், 2018 டிசம்பரில் ஆளுநர் உர்ஜித் படேல் விலகியது இதற்கு வலுவான சான்று. ஆனாலும் அந்தத் தகராறு எழுதப்பட்ட விதியோடுதான் முடிந்தது: எதிர்பாரா இடர்களுக்கு இருப்புநிலைக் குறிப்பில் 5.5 முதல் 6.5 சதவீதம் வைத்துக்கொண்டு மீதியைத் தரலாம் என்று பிமல் ஜலான் குழு வரையறுத்தது. 2019-இல் அரசுக்குப் போன ₹1,76,051 கோடி மிகப் பெரிய தொகை. என்ன கணக்கில் போனது என்று எவரும் சரிபார்க்கலாம்.

இன்னும் பிரியாமல் இருப்பது மாநிலங்களோடு வரியைப் பங்கிடும் இடம். பகிரத்தக்க வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 15-ஆவது நிதிக்குழு சொன்னது. ஆனால் கூடுதல் வரிகளான செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தத் தொகுப்புக்குள் வராது; அவற்றை எப்போது விதிப்பது, எவ்வளவு விதிப்பது என்ற யோசனை பங்குதாரர்களில் ஒருவரான நிதி அமைச்சகத்திடமிருந்தே வருகிறது. பெட்ரோலுக்குக் கட்டும் மத்திய வரியில் பெரும்பகுதி இப்படித்தான் சென்னைக்கும் மும்பைக்கும் பங்கில்லாமல் டெல்லியிலேயே தங்கிவிடுகிறது. போரும் பேரிடரும் வந்தால் மத்திய அரசுக்குத் தனி வருவாய் வேண்டும் என்ற வாதம் தற்காலிக வரிக்குப் பொருந்தும். ஆண்டுக்கணக்கில் நீளும் செஸ்ஸுக்குப் பொருந்தாது. செஸ்ஸுக்கும் சர்சார்ஜுக்கும் உச்ச வரம்பும் காலக்கெடுவும் வைத்து, அவற்றை மீறும் தொகையைப் பகிரும் தொகுப்பில் சேர்க்க நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்.