உருகிய கழுகும் மூழ்கிய கழுகும்

ஒரு காசு அரிதானதுன்னா, குறைவாத்தான் அடிச்சிருப்பாங்கன்னு நினைப்போம். அமெரிக்காவின் 20 டாலர் தங்கக் காசான 'இரட்டைக் கழுகு' இந்தக் கணக்குக்கு அடங்காது. 1927இல் டென்வர் நாணயச்சாலை அடித்தவை 1,80,000. இன்று மிஞ்சியிருப்பதாகத் தெரிவது இருபதுக்கும் குறைவு. 1933 ஏப்ரலில் மக்கள் கையிலிருந்த தங்கக் காசுகளை ஒப்படைக்கச் சொன்னார் ரூஸ்வெல்ட். அரிய காசுகளுக்கு விலக்கு உண்டுதான். ஆனா டென்வர் காசுகள் மூட்டையை விட்டு வெளியே வந்தாத்தானே! அப்படியே உருக்கிக் கட்டியாக்கிட்டாங்க.

1857 சான் பிரான்சிஸ்கோ காசு வேறு கதை. புழங்கித் தேய்ந்தவை நிறைய கிடைத்தன; மெருகு குலையாதவைதான் அபூர்வம். பிறகு 1988 முதல், 'சென்ட்ரல் அமெரிக்கா' கப்பலிலிருந்து அந்த வருடக் காசுகள் 5,000க்கு மேல் வந்தன. தங்கத்தை உப்புநீர் அரிக்காது. இன்று தரம் பிரிப்பவர்கள் புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு எண் கூடினாலே விலை எகிறும்.

பனாமாவிலிருந்து நியூயார்க் போன அந்தக் கப்பல் 1857 செப்டம்பர் 12 அன்று புயலில் மூழ்கியது. சுமார் 425 பேர் இறந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த தங்கத்தைச் சிலர் அவிழ்த்துத் தரையில் கொட்டினார்களாம். பொறுக்க ஆளில்லை.