அயடீன்: கடலை மறைத்த பெயர்

இலங்கை மலையகத்தின் ராகலைக் கடைகளில் வாங்கும் உப்புப் பக்கெட்டில் ‘அயடீன்’ என்ற சொல்லைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது அயோடின். எப்படி எழுதினாலும் வேர் ஒன்றுதான். கிரேக்க மொழியில் ‘இயோன்’ என்பது ஊதாப்பூ. அந்தப் பூவின் நிறத்தைக் குறித்த சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது.

பெயருக்குக் காரணமான சம்பவம் 1811இல் பிரான்சில் நடந்தது. நெப்போலியனின் போர்க்காலம், வெடிமருந்துக்கு வெடியுப்பு ஓயாமல் தேவைப்பட்டது. அதைத் தயாரித்துவந்த பெர்னார் கூர்த்துவா, நோர்மண்டி, பிரித்தானிக் கரைகளின் கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்து உப்புகளைப் பிரித்தெடுப்பார். ஒருநாள் எஞ்சிய கரைசலில் கந்தக அமிலம் அளவு மீறி விழ, ஊதா ஆவி எழுந்தது. குளிர்ந்த பரப்பில் பட்டதும் அது திரவமாகாமல் நேரே கரிய, மினுங்கும் பளிங்குகளாகப் படிந்தது. 1813இல் இரசாயனவியலாளர் கே-லுசாக் அதற்கு ‘இயோத்’ என்று பெயர் வைத்தார். அப்போது பாரிசுக்கு வந்திருந்த ஹம்ப்ரி டேவி, குளோரீனின் இனம் இது என்று கண்டு, ஆங்கிலத்தில் குளோரீனின் விகுதியையே இதற்கும் சேர்த்தார். அந்த வடிவமே நம்மிடம் அயடீன் ஆயிற்று.

ஆனால் அயடீன் எப்போதும் ஊதாவாக இருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மாப்பொருள் சோதனைக்கு உருளைக்கிழங்குத் துண்டில் விடும் அயடீன் துளி பிளேன்டீ நிறத்தில் இருக்கும்; கிழங்கில் பட்ட இடம் கருநீலமாகும். அயடீன் என்ற பெயரில் கடலும் இல்லை. 1826இல் பலார் கண்டுபிடித்த புரோமீனுக்கும் இதே கதிதான்: அதுவும் கடல் தந்த தனிமம், பெயரோ கிரேக்கத்தில் நாற்றம். கண்ணுக்கும் மூக்குக்கும் பட்டதைப் பெயராக்கினார்கள். பிறந்த வீட்டைச் சொல்லாமல் விட்டார்கள். இதை ஒரு பெருங்குறையாகவே நான் கருதுகிறேன். ஏனென்றால் வியப்பெல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

ஒரு லீற்றர் கடல்நீரில் அயடீன் ஏறக்குறைய 0.06 மில்லிகிராம்தான். குளிர்கடல்களில் வளரும் லமினாரியா என்ற பழுப்புப் பாசி, அதைக் கடல்நீரில் உள்ளதைப்போல் 30,000 மடங்குவரை தன்னுள் திரட்டுகிறது. பாசியின் கலச்சுவரில் வனேடியம் கொண்ட ஒரு நொதியம், ஐதரசன் பேரொட்சைட்டின் துணையோடு அயடைட்டை உள்ளே நுழையக்கூடிய வடிவுக்கு மாற்றுகிறது. உள்ளே போனது மறுபடி அயடைட்டாகவே சேமிக்கப்படுகிறது. இது வீண் சேமிப்பல்ல என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. வற்றுக்காலத்தில் வெயிலும் காற்றும் பாசியை வாட்டும்போது, அந்த அயடைட்டு வெளிவந்து, கலங்களைக் கெடுக்கும் ஒட்சியேற்றிகளை அழிக்கிறது. அயடீனின் ஒரு பங்கு காற்றிலும் கலக்கிறது.

அப்படிக் காற்றேறியது மழையோடு நிலத்துக்கு வருகிறது. ஆனால் ஓயாத மழை கழுவும் மலைச்சரிவில் அது நிலைத்து நிற்பது அரிது. அயடீன் குறைவால் கழுத்து வீங்கும் கண்டக்கழலை, இலங்கையின் ஈரவலயத்தில் நெடுங்காலம் கண்ட நோய். அந்த வீக்கத்துக்குக் கடற்பாசியையே மருந்தாகக் கொடுத்தார்கள் சீன வைத்தியர்கள்; பாசிக்குள் இருப்பது என்னவென்று தெரியாத காலம் அது. 1820இல் ஜெனீவாவின் மருத்துவர் குவாந்தே நேரே அயடீனைக் கொடுத்துப் பார்த்தார்.

தமிழின் ‘பாசி’யும் நிறப்பெயர்தான்: பசுமை, பச்சை, பாசி என ஒரே குடும்பம். ஆயினும் ‘கடற்பாசி’ என்றதும் இடம் தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் மண்டபம் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் ஒன்றுக்கு மரிக்கொழுந்து என்று பெயர்; அகார் எடுக்க உதவுவது. மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர் அதே மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, பரிசோதனை முடிந்தே கப்பலேறினார்கள். கடலைத் தாண்டி வந்து கொழுந்து பறித்தவர்களுக்கு அயடீன் என்ற பெயர் கடலை நினைவூட்டாமல் போனது எனக்கு வருத்தமே.

1995ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் இலங்கையில் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. பொற்றாசியம் அயடேற்றாகச் சேர்க்கிறார்கள். ஈரம் பட்டால் அது குறையும். வளர்ந்தவருக்கு ஒருநாள் தேவை 150 மைக்குரோகிராம், கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூடுதல். ஆகவே லயத்து அடுப்பின் ஓரத்தில் உப்பைத் திறந்து வைக்காதீர்கள். பக்கெட்டைப் பிரித்ததும் மூடியுள்ள போத்தலில் கொட்டி, வெக்கை படாத இடத்தில் வையுங்கள்.