கோக்கர் கற்ற பாடம்

மாணவ நண்பர்களே, வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. நான் இன்று சொல்லப் புகுவது போர்க்களத்தின் வரலாறன்று. மனிதனுடைய கழுத்தில் சில விரற்கடை அகலத்துள் அடங்கிவிடும் ஓர் இடத்தின் வரலாறு. அதைச் சொல்ல எனக்குச் சிறிது உரிமையும் உண்டு. என் கழுத்தின் அடியில், சட்டைக் காலர் மறைக்கும் இடத்தில், மெல்லிய தழும்பு ஒன்று இருக்கிறது. தைராய்டு என்னும் கேடயச் சுரப்பியில் எழுந்த கழலைக்காக எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது.

நான் வகுப்பறையில் பேசிப் பிழைப்பவன். ஆகையால் உயிரைப் பற்றிய அச்சத்தைக் காட்டிலும் குரலைப் பற்றிய அச்சமே என்னை மிகுதியும் வருத்தியது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, அறுவை மருத்துவர் என்னருகே நின்று, “உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன், குரல் வந்தது. மறுநாள், “விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு உண்டா?” என்று கேட்டார். வீடு திரும்பும் நாளில் ஒரு சிறு மாத்திரையைக் காட்டி, “இதை நாள்தோறும் தவறாமல் உட்கொள்வீர்களா?” என்று கேட்டார். இம்மூன்று வினாக்களும் எளியவையாகவே அன்று எனக்குத் தோன்றின. பின்னர்ப் படிக்கப் படிக்க, ஒவ்வொரு வினாவுக்கும் பின்னால் எத்தனையோ மனிதரின் துன்பம் கிடப்பதை உணர்ந்தேன்.

கேடயச் சுரப்பி குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தாற்போல், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த வடிவில் அமைந்துள்ளது. இரத்த ஓட்டம் மிக்க உறுப்பு அது. அதனால் பழங்கால மருத்துவர் அதன்மீது கத்தி வைக்க அஞ்சினர். குருதிப் பெருக்காலும், புண் சீழ்ப் பிடிப்பதாலும் நோயாளிகள் பலர் மாண்டனர். 1850-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவக் கழகம் இவ்வறுவையையே கண்டித்து ஒதுக்கியது. பில்ரோத் என்ற பேரறிஞர்கூடச் சூரிச் நகரில் இதைச் செய்து, சாவுகள் மிகுந்தமை கண்டு சில ஆண்டுகள் கைவிட்டார். 1846-இல் ஈதர் மயக்கமும், 1867-இல் லிஸ்டரின் கிருமி ஒழிப்பு முறையும், பின்னர் இரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியும் வந்த பின்னரே நிலைமை மாறியது.

சுவிட்சர்லாந்து மலைநாடு. அம்மண்ணில் அயோடின் சத்து குறைவு. ஆகவே அங்கே கழுத்துக் கழலை ஊர்தோறும் காணும் நோயாக இருந்தது. அந்நாட்டின் பெர்ன் நகரில் 1841-இல் பிறந்தவர் தியோடர் கோக்கர். 1872-இல், இளம் வயதிலேயே, பெர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அவர் கை மெதுவானது. ஆனால் மிகத் தூய்மையானது. ஒவ்வோர் இரத்தக் குழாயையும் கட்டிவிட்டே அடுத்த இழையைத் தொடுவார். கழலையோடு சுரப்பி முழுவதையும் சொட்டு இரத்தம் வீணாகாமல் எடுத்துவிடுவது அவர் திறமை. நோயாளிகள் பிழைத்தெழுந்து நடந்து சென்றனர். உலகம் வியந்தது.

இனித்தான் கதையின் துயரமான பகுதி. 1874-ஆம் ஆண்டில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் சுரப்பியைக் கோக்கர் முழுவதும் அகற்றினார். புண் நன்றாக ஆறியது. ஆனால் அச்சிறுமியின் ஊர் மருத்துவர், அவள் குணமே மாறிவிட்டதாகவும், மந்தமாகிவிட்டதாகவும் கோக்கருக்குத் தெரிவித்தார். அப்போது அதன் பொருள் முழுவதும் விளங்கவில்லை. 1882 செப்டம்பரில் ஜெனீவாவைச் சேர்ந்த ரெவர்தென் என்ற மருத்துவர், தம் நோயாளிகளிடமும் இத்தகைய மாற்றங்களைக் கண்டதாகக் கோக்கரிடம் கூறினார். அச்சொல் அவர் நெஞ்சில் தைத்தது. தம்மிடம் அறுவை செய்துகொண்டோரையெல்லாம் மீண்டும் வரும்படி அழைத்தார்.

வந்தவர்களைக் கண்டு அவர் திடுக்கிட்டார். சுரப்பி முழுவதும் இழந்தவர்களில் 18 பேர் சோதனைக்கு வந்தனர். அவர்களுள் 16 பேரிடம் அந்நோய்க் குறிகள் இருந்தன. முகம் வீங்கி, தோல் உலர்ந்து, குளிர் தாங்காமல், பேச்சும் நினைவும் தளர்ந்து நின்றனர். அந்தச் சிறுமியோ வளர்ச்சியே குன்றிப் போயிருந்தாள்; அவளுக்கு இளைய தங்கை அவளைவிட உயர்ந்து வளர்ந்திருந்தாள்.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். புகழின் உச்சியிலிருந்த ஒருவர் என்ன செய்திருக்கலாம்? வாய்மூடி இருந்திருக்கலாம், பழியை வேறொன்றின்மீது சுமத்தியிருக்கலாம். கோக்கரோ 1883 ஏப்பிரலில் பெர்லினில் கூடிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் பேரவையில், தம் அறுவையின் விளைவுகளைத் தம் வாயாலேயே எடுத்துரைத்தார். தீங்கற்ற கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றும் வழக்கத்தைக் கைவிட்டார். பயனற்றதென்று பலர் எண்ணியிருந்த அவ்வுறுப்பு உடலுக்கு இன்றியமையாதது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1909-இல் இத்துறை ஆராய்ச்சிக்காகவே அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது. அப்பரிசை முதன்முதல் பெற்ற அறுவை மருத்துவர் அவரே.

பில்ரோத்தின் நோயாளிகளுக்கு நேர்ந்த துன்பம் வேறு. அவர்களுள் சிலருக்கு விரல்கள் மதமதத்து, கைகள் முறுக்கிக்கொண்டு இசிவு கண்டது. ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறிஞர் இதற்குப் பின்னாளில் விளக்கம் கூறினார். பில்ரோத் விரைந்து அறுப்பவர். அவர் கேடயச் சுரப்பியில் சிறிது மிச்சம் வைத்துவிடுவார். ஆனால் அதன் பின்புறம் ஒட்டியுள்ள சிறு சுரப்பிகள் அவர் கத்தியில் சிக்கிவிடும். கோக்கரின் நிதானமான கை அச்சிறு சுரப்பிகளைக் காத்தது. ஆனால் கேடயச் சுரப்பியை முழுதும் கவர்ந்தது. அரிசி மணியளவே உள்ள அந்நான்கு சுரப்பிகளையும் 1880-இல் மனித உடலில் கண்டு விளக்கியவர் சுவீடன் நாட்டின் சாண்ட்ஸ்ட்ரம். இரத்தத்தில் சுண்ணச் சத்தின் அளவை நிறுத்துவது அவற்றின் வேலை. விரல் நுனியைப் பற்றி என் மருத்துவர் கேட்ட காரணம் இதுவே.

குரலைப் பற்றிய வினா இன்னும் பழமையானது. குரல்வளைக்குச் செல்லும் நரம்பை வெட்டினால் பன்றியின் அலறல் அடங்கிப்போவதை இரண்டாம் நூற்றாண்டிலேயே காலென் என்ற கிரேக்க மருத்துவர் காட்டினார். அந்நரம்பு மார்பு வரை இறங்கி, வளைந்து, மீண்டும் சுரப்பியின் பின்புறமாக மேலேறுகிறது. அதை ஒதுங்கிச் செல்வதைவிடக் கண்ணாரக் கண்டு காப்பதே நலம் என்று பாஸ்டன் நகர லேஹி 1938-இல் வற்புறுத்தினார்.

மாத்திரைக்கு வருவோம். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மர்ரே என்ற மருத்துவர், இச்சுரப்பி குன்றிய 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் கேடயச் சுரப்பிச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அவர் நலமடைந்து மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் கெண்டல் அச்சாற்றின் சாரமான தைராக்சினைப் பிரித்தெடுத்தார். அந்தச் சிறுமிக்குக் கிடைக்காத மருந்து எனக்கு ஒரு சிறு வில்லையாகக் கிடைக்கிறது.

நோயையே தடுக்கும் வழியும் பிறந்தது. 1922 முதல் சுவிட்சர்லாந்தில் அயோடின் கலந்த உப்பு வழங்கப்பட்டது. நம் நாட்டிலும் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவர் இராமலிங்கசுவாமி முதலியோர் தொடங்கிய ஆராய்ச்சி, அத்தகைய உப்பின் பயனை மெய்ப்பித்தது. 1962-இல் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

உங்கள் இல்லத்தில் யாருக்கேனும் இவ்வறுவை நேருமானால் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். சுரப்பியில் பாதியா, முழுமையா, எவ்வளவு எடுக்கப் போகிறார்கள், ஏன் என்று முன்னரே கேளுங்கள். குரல் நாண்களைச் சோதிப்பது பற்றியும் கேளுங்கள். அறுவைக்குப் பின் கழுத்து திடீரென வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, ஒரு கணமும் தாமதியாமல் செவிலியரை அழையுங்கள். மதமதப்பு இருந்தால் மறைக்காதீர்கள். குரல் கம்மினால் அஞ்சி ஒடுங்க வேண்டா. பலருக்கு அது நாளடைவில் தெளியும். ஆனால் மருத்துவரிடம் சொல்லத் தவற வேண்டா. முழுச் சுரப்பியும் நீங்கியவர் தைராக்சின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். அதை வெறும் வயிற்றில் தண்ணீருடன் கொள்க. காப்பி சிறிது நேரம் காத்திருக்கட்டும். உடல் நன்றாக இருக்கிறதென்று தாமாக மருந்தை நிறுத்துவது, கோக்கரின் முதல் நோயாளிகள் பட்ட துன்பத்தை வலிய அழைப்பதாகும்.

நாள்தோறும் காலையில் அம்மாத்திரையை எடுக்கும்போது நான் அப்பதினொரு வயதுச் சிறுமியை நினைக்கிறேன். செய்தது சரியா என்று பார்க்க, அனுப்பிவிட்டவர்களை மீண்டும் அழைத்த அந்த மருத்துவரையும் நினைக்கிறேன். நீங்கள் நாளை மருத்துவராகலாம், பொறியாளராகலாம், ஆசிரியராகலாம். முடித்துவிட்டோம் என்று எண்ணிய வேலையை ஒருமுறை திரும்பிச் சென்று பார்க்கும் துணிவு உங்களுக்கும் வேண்டும்.