கல் பெற்றோரும் கல் பெறாதோரும்

வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டிப் பெயர் பொறித்தல் தமிழரின் தொன்மரபு. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதனை முறைப்படுத்திக் கூறுகின்றது. கடல் கடந்த தமிழர்க்கு இம்மரபு வாய்த்ததா?

பகாங்கு மாநிலத்துக் கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. அம்மலையில் தேயிலை வளர்த்தவருள் தமிழர் பலர். 1942இல் மலாயா சப்பானியர் வசமாயிற்று. அண்டையிலுள்ள பேராக்கு மாநிலத்தின் தைப்பிங்குப் போர்க் கல்லறையில், அப்போரில் மாண்ட படைவீரர் துயில்கின்றனர். இந்தியப் படையினரும் அவருள் உளர். பெயர் அறியப்படாதவர்க்கும் அங்குக் கல் உண்டு.

தோட்டத் தொழிலாளர் நிலை வேறு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943இல் முடிந்தது. வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் பசியாலும் எண்ணற்றோர் மடிந்தனர். அதே வேலையில் மாண்ட போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேர் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் முறையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். படைக்குப் பெயர்ப்பதிவு இருந்தது. கைதிகள் தம் தோழரைப் புதைத்த இடங்களையும் குறித்து வைத்தனர். தொழிலாளர்க்கு அவ்விரண்டும் இல்லை.

2023இல் அக்காஞ்சனபுரியிலேயே தமிழ்த் தொழிலாளர்க்கு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டு கழித்தேனும் கல் வந்தது. பெயர்களோ பெரும்பாலும் மறைந்தன. தோட்டக் குடும்பங்களின் நினைவில் எஞ்சியுள்ள பெயர்களைத் திரட்டினாலன்றி அம்மரபு நிறைவுறாது.