உதிரப்பட்டி முதல் இழப்பீட்டுச் சட்டம் வரை

ஊரைக் காக்கப்போய் உயிரிழந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த நிலம் உதிரப்பட்டி. தமிழ்க் கல்வெட்டுகள் அதை நெத்தர்பட்டி என்றும் குறிக்கின்றன. 'நெத்தர்' என்பதும் குருதியே. ஆநிரை மீட்கும் தொறுப்பூசலில் விழுந்தவருக்கு நடுகல்லும் எழுந்தது. கல் புகழுக்கு, நிலம் சோற்றுக்கு. காயத்தோடு வீடு திரும்பி, பிறகு உறக்கம் இழந்தவரைப் பற்றி நடுகற்கள் பேசுவதில்லை.

பின்னாளில் நிலத்தின் இடத்துக்குச் சட்டம் வந்தபோது, அது எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் எட்டவில்லை. எடுத்துக்காட்டாக, ஆலங்குடி சாலையில், அரங்குளநாதர் கோயிலைச் சுற்றி அமைந்த திருவரங்குளம், அன்று தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1923இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது இப்பகுதி அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. புதுக்கோட்டை 1974இல் தனி மாவட்டமாயிற்று.

இழப்பீட்டுச் சட்டம் உடலை உறுப்பு உறுப்பாக எடைபோட்டது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. இரு கைகளும் போனால் 100. தீயணைப்புப் பணியாளரும் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றனர். ஆனால் கருகிய உடல்களைத் தூக்கியவரின் மனக்காயத்துக்கு அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு தனிப் பெயர் சூட்டியதே 1980இல்தான்.

2009 திருத்தம் 'தொழிலாளர்' என்பதைப் 'பணியாளர்' ஆக்கியது. காயங்களின் பட்டியலில் மனம் அப்போதும் சேரவில்லை.