பதரிக்குச் சென்ற பழைய நடைவழி

கோடை விடுமுறை வந்ததும் நம் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்களேனும் பத்ரிநாத் யாத்திரை புறப்படுவது வழக்கம். ரிஷிகேசத்தில் பேருந்து ஏறியோர் மறுநாளே ஆலய வாயிலை அடைந்துவிடுகின்றனர். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளும் இவ்வழியை முன்னாளில் மக்கள் வாரக் கணக்கில் நடந்தே கடந்தனர் என்பதை நம் இளைஞர் பலர் அறியார்.

இவ்வழி தமிழர்க்குப் புதியதன்று. தேவப்பிரயாகையைக் கண்டமென்னும் கடிநகராகப் பெரியாழ்வார் பாடினார். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி ஜோஷிமடமே என்பது வைணவ மரபு. பதரிகாசிரமமோ இருவராலும் பாடப்பெற்றது.

பழைய பாதை லட்சுமண் ஜூலாவில் கங்கையைக் கடந்து, இடக்கரையோடு சென்றது. பூல் சட்டி, மோகன் சட்டி, மகாதேவ் சட்டி, நயார் ஆறு கங்கையிற் கூடும் வியாச காட் ஆகியவற்றைத் தாண்டித் தேவப்பிரயாகையை எட்டியது. 'சட்டி' என்றதும் நம் இல்லத்தரசியர்க்குச் சமையற்கலமே நினைவுக்கு வரும். கர்வாலிலோ அது வழிநடைச் சாவடி. சில மைலுக்கு ஒன்றாக அவை அமைந்திருந்தன. அரிசி, பருப்பு, நெய் ஆகியவற்றைச் சட்டிக்காரனிடம் வாங்கினாற் போதும். தங்குமிடமும் சமையற் பாத்திரமும் கூலியின்றிக் கிடைக்கும்.

கறுப்புக் கம்பளி அணிந்தமையால் காளி கம்ளிவாலா எனப் பெயர் பெற்ற சுவாமி விசுத்தானந்தர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழிநெடுகத் தருமசாலைகளும் அன்னதானமும் ஏற்படுத்தினார். லட்சுமண் ஜூலாவில் 1889இல் இரும்புக் கயிற்றுப் பாலம் எழுந்தது. 1924 வெள்ளம் அதனை வாரிச் சென்றது. அடுத்த பாலம் 1930இல் திறக்கப்பெற்றது.

இடர்களுக்குக் குறைவில்லை. 1893இல் மலை சரிந்து பிரகி ஆற்றை அடைக்க, கோனா ஏரி தோன்றிற்று. அது உடையுமென்று முன்னரே கணித்த பொறியாளர்கள் தந்திக் கம்பி அமைத்துக் கீழூர்களை எச்சரித்தனர். 1894 ஆகஸ்டில் அணை உடைந்தபோது ஸ்ரீநகர் அழிந்தது. ஆயினும் மக்கள் மேட்டுக்கு ஏறியிருந்தமையால் மாண்டோர் ஐவரே. அவர்களும் எச்சரிக்கையைக் கேளாது தங்கியவர்கள். பின்னர், 1918 முதல் ருத்திரப்பிரயாகைச் சிறுத்தை 125 பேரைக் கொன்றது. 1926இல் யாத்திரைப் பாதையிலுள்ள கோலாப்ராயில் ஜிம் கார்பெட் அதனைச் சுட்டு வீழ்த்தினார்.

வெள்ளமும் விலங்கும் அழிக்க இயலாத பாதையை வசதி அழித்தது. மோட்டார்ச் சாலை கங்கையின் வலக்கரையில் அமைந்தது. 1962 சீனப் போருக்குப் பின் எல்லைக்காவலின் பொருட்டு மலைச்சாலைப் பணி விரைவுற்றது. பேருந்து பத்ரிநாத்தையே அடைந்தது. யாத்திரிகர் வாராமையால் இடக்கரைச் சட்டிகள் வெறிச்சோடின. தலைமுறை தலைமுறையாக அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின.

எனினும் பாதையின் சில பகுதிகள் இன்றும் நடக்கத்தக்கனவாக உள்ளன. உள்ளூர் வழிகாட்டியுடன் இரண்டொரு நாள் நடந்துவரச் சிறுவராலும் இயலும். மழைக்காலத்தைத் தவிர்த்தல் நன்று, மண் சரியும். பேருந்தில் விரைவது குற்றமன்று. ஆயினும் அடுத்த யாத்திரையில் ஒரு நாளையேனும் அப்பாதைக்கு ஒதுக்குவோமாக. வழிகாட்டிக்குத் தரும் கூலியும் சிற்றூரில் உண்ணும் உணவின் விலையும் அம்மலைமக்களுக்குச் சேரும். கால் படும் வரையில்தான் பாதை பாதையாக இருக்கும். கால் படாத வழியைக் காடு மூடிவிடும்.